மகள் மேடையேறும் நாள்: உங்களுக்குத் தெரியுமா?

மே மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். கறுப்போ நீலமோ ஓர் அங்கி, தலையில் சதுரத் தொப்பி, கையில் சான்றிதழ் உறை, நடுவில் பதினெட்டு வயது மகள். இரண்டு பக்கமும் அப்பா, அம்மா. மகள் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். பெரியவர்கள் இருவரில் ஒருவருக்காவது கண் சிவந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று இங்கே சிலர் கேட்பதுண்டு. இத்தனையும் வேண்டும் என்பதுதான் என் கட்சி. அங்கி போட்ட பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இந்த வாரத் துணுக்குகள், கேலரியில் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக.

● 2016 ஜூன் 10. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு இறுதி அஞ்சலி. உலகப் பிரமுகர்கள் பலர் அங்கே கூடியிருந்தார்கள். அலியைப் பெரிதும் மதித்த அதிபர் பராக் ஒபாமா மட்டும் வரவில்லை. ஒரு கடிதம் எழுதி, தன் ஆலோசகர் வேலரி ஜாரெட்டிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டார். அவர் அன்று இருந்த இடம் வாஷிங்டனில் ஒரு பள்ளி விழா. மூத்த மகள் மாலியா, சிட்வெல் ஃபிரண்ட்ஸ் பள்ளியில் படிப்பை முடித்த நாள் அது.

விழாவில் பேச முடியுமா என்று அவரைக் கேட்டிருந்தார்கள். கண்டிப்பாக முடியாது என்று மறுத்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து அழப்போகிறேன் என்று அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் காரணமும் சொல்லியிருந்தார். எத்தனையோ மேடைகளில் ஏறிப் பேசிய மனிதர், தன் மகளின் மேடைக்குக் கீழே நாற்காலியில் உட்காரவே விரும்பினார். அவர் அதிபராக எடுத்த முடிவுகளில் எதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், இந்த முடிவை எந்தப் பெற்றோராலும் குறை சொல்ல முடியாது.

● அதே சிட்வெல் பள்ளியில் 1997 ஜூனில் செல்சி கிளின்டன் படிப்பை முடித்தபோது, அப்பா பில் கிளின்டன் மேடையேறிப் பேசினார். நல்ல விஷயமாகச் சொல்லுங்கள், ஆனால் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று மகள் கேட்டுக்கொண்டதாக அவரே அங்கே தெரிவித்தார். அதற்கும் முன்பு, 1975-ல், அதிபர் ஜெரால்டு ஃபோர்டு தன் மகள் சூசன் படித்த ஹோல்டன்-ஆர்ம்ஸ் பள்ளியின் நிறைவு விழாவில் பேசினார். சூசனின் வகுப்புக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அந்த வகுப்பின் ‘ப்ராம்’ என்னும் விருந்து நடனம் வெள்ளை மாளிகையிலேயே நடந்தது.

● அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆண்டுக்கு 180 நாள். மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பதின்மூன்று ஆண்டுகள். பெருக்கினால் 2,340 நாள். அத்தனை காலையிலும் யாரோ ஒருவர் எழுப்பி, தலை வாரி, சாப்பாடு கட்டி, பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார். அந்த யாரோ ஒருவரும் அன்று கேலரியில்தான் இருக்கிறார்.

● விழா தொடங்கி, பிள்ளைகள் வரிசையாக உள்ளே நடந்துவரும்போது ஒரு மெட்டு ஒலிக்கும். அந்த முதல் சில விநாடிகளிலேயே பெற்றோர் பலருக்குக் கண் நிறைந்துவிடும். அந்த மெட்டு அமெரிக்காவில் பிறந்தது இல்லை. ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்டு எல்கர் 1901-ல் எழுதிய அணிவகுப்பு இசை அது. லிவர்பூல் நகரில் முதன்முதலாக அரங்கேறியது. 1905 ஜூனில் யேல் பல்கலைக்கழகம் எல்கருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்த விழாவில் அவரைச் சிறப்பிக்க அவருடைய இசையையே வாசித்தார்கள். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போனது. பிரின்ஸ்டன், சிகாகோ, கொலம்பியா என்று அடுத்தடுத்துப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. பிறகு பள்ளிகளுக்கும் பரவியது. அதே மெட்டுக்கு இங்கிலாந்தில் பாடல் வரிகள் சேர்த்து நாட்டுப்பற்றுப் பாடலாகப் பாடுகிறார்கள். அமெரிக்கப் பெற்றோருக்கோ அது பிள்ளை வளர்ந்துவிட்ட நாளின் இசை.

● அங்கியும் சதுரத் தொப்பியும் ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் எந்தப் பட்டத்துக்கு எந்த அங்கி, எந்த நிறம் என்று 1895-ல் கல்லூரிகள் கூடி ஒரு விதிமுறை வகுத்தன. பள்ளிகள் அதைப் பார்த்துப் பின்பற்றின. தொப்பியிலிருந்து தொங்கும் குஞ்சம் தொடக்கத்தில் வலப்பக்கம் இருக்கும். சான்றிதழ் கிடைத்தபின் இடப்பக்கம் மாற்றிக்கொள்வார்கள். பல வீடுகளில் அந்தக் குஞ்சம் அப்பாவின் கார் கண்ணாடியில் வருஷக்கணக்கில் தொங்கும்.

● கடைசியில் எல்லோரும் தொப்பியை வானத்தில் எறிவார்களே, அது 1912-ல் அமெரிக்கக் கடற்படை அகாடமியில் தொடங்கியது. அதுவரை படிப்பு முடிந்த பிறகும் சில காலம் கடலில் பணியாற்றினால்தான் அதிகாரி ஆக முடியும், ஆகவே பழைய தொப்பி தேவைப்பட்டது. அந்த ஆண்டு முதல் படிப்பு முடிந்த அன்றே அதிகாரி ஆனார்கள். பழைய தொப்பிக்கு வேலை இல்லை, எறிந்துவிட்டார்கள்.

● மேடையில் கைகுலுக்கிக் கொடுக்கும் அந்த அழகான உறைக்குள் பல பள்ளிகளில் சான்றிதழ் இருப்பதில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வரிசையாக ஏறி இறங்கும்போது யாருடையது யாரிடம் என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காக வெறும் உறையைத்தான் கொடுப்பார்கள். உண்மையான சான்றிதழை விழா முடிந்த பிறகு தனியாகப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

● நம் ஊர்க்காரர்களுக்கு இந்த விழாவில் ஒரு தனிப் பதற்றம் உண்டு. பெயர். விழாவுக்கு முன்பே பல பள்ளிகள் பிள்ளைகளிடம் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து, உங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒலிக்குறிப்போடு எழுதித் தரச் சொல்வார்கள். வாசிப்பவர் அதைப் பார்த்துத்தான் வாசிப்பார். பெயரில் ஒரு ழகரம் இருந்தால் அந்த அட்டையை எழுதுவதற்கே வீட்டில் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

என் அண்ணன் மகளின் விழாவுக்கு நான் போயிருந்தேன். கால்பந்து மைதானம், திறந்தவெளி, படிப்படியான இரும்பு கேலரி. எழுத்து வரிசைப்படி பெயர்கள் வாசிக்கப்பட்டன. எங்கள் வீட்டுப் பெயர் கடைசிப் பகுதியில் வரும். அதுவரை அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரை முதன்முதலாகச் சொன்ன வாய் அவர்களுடையது. மைக்கில் வந்தபோது அது முழுசாக, திருத்தமாக வந்தது. வாசித்த ஆசிரியை பெயரைப் பலமுறை சொல்லிப் பழகியிருக்க வேண்டும். அண்ணி எழுந்து நின்று கைதட்டினார். அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டே வீடியோ எடுக்க மறந்துவிட்டார். ஒரு பிள்ளையின் பெயரைச் சரியாகச் சொல்வதற்காக மெனக்கெடும் ஆசிரியர்களுக்கு எந்த ஊராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடலாம்.

● எல்லாப் பெயரும் வாசித்து முடியும்வரை கைதட்ட வேண்டாம் என்று பல பள்ளிகளில் முன்கூட்டியே அறிவிப்பார்கள். குடும்பங்கள் கேட்பதில்லை. தாத்தா கூவுவார், அத்தை விசில் அடிப்பார், சிலர் ஊதுகுழலே கொண்டுவந்திருப்பார்கள். எனக்கு இதில் குடும்பங்களின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. காரணம், ஒரு மாணவர் பெயருக்குக் கைதட்டலே எழாத ஒரு விழாவும் வரலாற்றில் நடந்திருக்கிறது.

அது 1958 மே 27. ஆர்கன்சா மாநிலம், லிட்டில் ராக் மத்திய உயர்நிலைப் பள்ளி. அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த அந்தப் பள்ளியில் முந்தைய செப்டம்பரில்தான் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்களை உள்ளே விடாமல் ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் மாநிலக் காவல் படையை நிறுத்தினார். அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தின் 101-ம் வான்வழிப் படைப்பிரிவு வீரர்களை அனுப்பிப் பள்ளிக்குள் கொண்டுபோகச் செய்தார். ஒன்பது பேரில் கடைசி வகுப்பில் இருந்த ஒரே மாணவரான எர்னஸ்ட் கிரீன் அந்த ஆண்டே படிப்பை முடித்தார். அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது மைதானம் அமைதியாக இருந்தது. யாரும் கைதட்டவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் அவருடைய தாயார் இருந்தார். அந்தக் குடும்பத்தோடு அமைதியாக வந்து உட்கார்ந்திருந்த இன்னொருவர் மார்ட்டின் லூதர் கிங்.

● அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் பெண்கள். அவர்களில் வயதில் இளையவள் கார்லோட்டா வால்ஸ். பள்ளியில் காலடி வைத்தபோது 14 வயது. அப்பா கொத்தனார், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். மகள் அந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பதற்காகவே அவருக்கு உள்ளூரில் வேலை கிடைக்காமல் போனது. வேலை தேடி வெளியூர் போக வேண்டியிருந்தது. மகளை நிறுத்திவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை.

அடுத்த ஆண்டு, கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடப் பள்ளியே வேண்டாம் என்று ஆளுநர் நகரின் உயர்நிலைப் பள்ளிகளை இழுத்து மூடிவிட்டார். கார்லோட்டா அஞ்சல் வழியில் படித்தாள். பள்ளி திறந்ததும் திரும்பிப் போனாள். கடைசி ஆண்டில், 1960 பிப்ரவரி 9 இரவு, அவர்கள் வீட்டில் குண்டு வெடித்தது. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை. மறுநாள் காலை அவள் வழக்கம்போல் பள்ளிக்குப் போனாள். 

1960 மே 30 அன்று கார்லோட்டா தன் சான்றிதழை வாங்கினாள். அந்தப் பள்ளியில் படிப்பை முடித்த முதல் கறுப்பினப் பெண் அவள்தான். முதல் நாள் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போன உடையும் அந்தச் சான்றிதழும் இன்று வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குண்டு வெடித்த மறுநாள் காலை ஒரு தாய் தன் மகளைப் பள்ளிக்கு அனுப்பினாளே, அந்த வாசலில் நின்ற அம்மாவை நினைக்காமல் என்னால் அந்தச் சான்றிதழைப் பற்றி எழுத முடியவில்லை.

● பெண்கள் பள்ளிப் படிப்பை முடிப்பது என்பதே அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய விவகாரம். பாஸ்டன் நகரம் 1821-ல் நாட்டின் முதல் பொது உயர்நிலைப் பள்ளியைத் திறந்தது. பையன்களுக்கு மட்டும். 1826-ல் பெண்களுக்கென்று ஒன்றைத் திறந்தார்கள். இருந்த இடங்களைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்குப் பெண்கள் வந்து நின்றார்கள். சேர்ந்தவர்களும் பாதியில் நிற்கவில்லை. இப்படியே போனால் நகரத்தின் கஜானா தாங்காது என்று மேயர் ஜோசையா குவின்சி கணக்குச் சொன்னார். 1828-ல் பள்ளியை மூடிவிட்டார்கள். நன்றாக நடந்ததாலேயே மூடப்பட்ட பள்ளி அது. 

அந்தப் பெண்களின் அப்பாக்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்த்துப் பேசினார்கள். பலன் இல்லை. பாஸ்டன் பெண்களுக்கு மறுபடி அரசு உயர்நிலைப் பள்ளி கிடைக்க 1850-கள் வரை ஆயிற்று.

● ஆனால் கதவு திறந்ததும் பெண்கள் முந்திவிட்டார்கள். 1870-ல் அமெரிக்கா முழுவதும் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள் சுமார் 16,000 பேர். பதினேழு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு பேர்தான். அந்தச் சின்னக் கூட்டத்திலும் ஏறத்தாழ 9,000 பேர் பெண்கள். 1900-ல் கணக்கு 95,000-ஐ நெருங்கியது. அதில் பெண்கள் 56,000-க்கும் மேல். நாடு தழுவிய தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது 1920-ல்தான்.

● ஹவாய்த் தீவுகளில் விழா முடிந்ததும் மாலை போடும் படலம் ஆரம்பிக்கும். பெற்றோர், பாட்டி, பக்கத்து வீட்டார், பழைய டீச்சர் என்று வருகிற ஒவ்வொருவரும் ஒரு மாலை. பூமாலை மட்டுமில்லை. மிட்டாய்ப் பொட்டலங்களைக் கோத்த மாலை, டாலர் நோட்டுகளை மடித்துக் கட்டிய மாலை. கழுத்தில் ஏறி ஏறி, கடைசியில் பிள்ளையின் கண் மட்டும் தெரியும். 

● அமெரிக்கப் பூர்வகுடிக் குடும்பங்களில் சாதனை செய்த பிள்ளைக்குப் பெரியவர்கள் கழுகின் இறகு கொடுப்பது புனிதமான வழக்கம். அதைத் தொப்பியில் செருகிக்கொண்டு மேடையேற விடமாட்டோம் என்று பல பள்ளிகள் தடுத்தன. குடும்பங்கள் நீதிமன்றம் வரை போயின. பல மாநிலங்கள் இப்போது அந்த உரிமையைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கின்றன.

● பெற்றோரின் குதூகலத்தைப் பார்க்க வேண்டுமானால் ஜூன் மாதம் சுவீடனுக்குத்தான் போக வேண்டும். பள்ளிக் கதவுக்கு வெளியே குடும்பங்கள் கூட்டமாக நிற்கும். ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் நீளமான கம்பில் ஒரு தட்டி. தட்டியில் பெரிதாக அச்சடித்த போட்டோ. இன்றைய போட்டோ இல்லை. தொட்டியில் குளிக்கும் குழந்தை, முகமெல்லாம் சோறு அப்பிக்கொண்ட குழந்தை, பல் விழுந்த சிரிப்பு. அடியில் பெயரும் வகுப்பும். குறித்த நேரத்தில் கதவு திறக்கும். வெள்ளைத் தொப்பி வைத்த பிள்ளைகள் ஓடிவருவார்கள். கூட்டத்தில் தன் வீட்டாரைத் தேடிக் கண்டுபிடிக்க அந்தத் தட்டிதான் அடையாளம். கண்டுபிடித்ததும் நீலமும் மஞ்சளுமான நாடாவில் கட்டிய பூக்களையும் சின்னப் பொம்மைகளையும் கழுத்தில் மாட்டிவிடுவார்கள்.

இந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1968 வரை அங்கே கடைசித் தேர்வு வாய்மொழியாகவும் நடந்தது. அன்றைக்கே முடிவு. தேறியவர்கள் முன்வாசல் வழியே தொப்பியோடு ஓடிவந்தார்கள். தேறாதவர்கள் பின்வாசல் வழியே நழுவிப் போனார்கள். பூங்கொத்தோடு வெளியே நின்ற பெற்றோருக்குக் கதவு திறக்கும்வரை தெரியாது. பின்வாசலை எடுத்துவிட்டு முன்வாசலை மட்டும் வைத்துக்கொண்ட சுவீடன்காரர்களை எனக்கு மிகவும் பிடிக்கிறது. அந்தத் தேர்வை எழுதப் பெண்களுக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1870-ல்.

● ரஷ்யாவில் மே மாதக் கடைசியில் ‘கடைசி மணி’ விழா. முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பதினோராம் வகுப்பு மாணவன் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிவர, அவள் கைமணியை ஆட்டிக்கொண்டே போவாள். 

● 2020 கொரோனா ஆண்டில் விழாக்கள் எல்லாம் ரத்தாயின. விட்டுவிடப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் மனம் வரவில்லை. கார் பந்தய மைதானங்களில், திறந்தவெளித் திரையரங்குகளில், காருக்குள் உட்கார்ந்தபடியே விழா நடத்தினார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கென்னட் உயர்நிலைப் பள்ளி இன்னும் ஒரு படி மேலே போனது. நார்த் கான்வே ஊரில் பனிச்சறுக்குக்காரர்களை மலைமேல் ஏற்றும் தொங்கு நாற்காலிகளில் ஒவ்வொரு மாணவரையும் குடும்பத்தோடு ஏற்றி உச்சிக்கு அனுப்பினார்கள். சான்றிதழ் மலையுச்சியில் காத்திருந்தது. கூட்டத்துக்குள் தொலைந்துபோகாமல், பிள்ளையும் பெற்றவர்களும் மட்டும் சேர்ந்து ஏறிய பயணம். அந்த ஆண்டு நடந்த சில நல்ல காரியங்களில் இதையும் சேர்க்க வேண்டும்.

● கமலா ஹாரிஸ் பள்ளிப் படிப்பை முடித்தது அமெரிக்காவில் இல்லை. கனடாவின் மான்ட்ரியால் அருகே வெஸ்ட்மவுன்ட் உயர்நிலைப் பள்ளியில், 1981-ல். அங்கே ஆய்வு வேலைக்குப் போன அம்மா சியாமளா கோபாலன் இரண்டு பெண்களையும் தனியாளாக வளர்த்தார். 

சியாமளாவின் கதைக்கு முன்னால் இன்னொரு கதை. மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரத்தைச் சேர்ந்தவர் அவருடைய அப்பா பி.வி.கோபாலன், மத்திய அரசு அதிகாரி. 1958-ல், 19 வயது மகள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டேன் என்று வந்து நின்றபோது, கல்யாணம் என்ன ஆவது என்று அவர் கேட்கவில்லை. சேமிப்பிலிருந்து முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் கொடுத்து அனுப்பினார். மகள் ஆறே ஆண்டுகளில் முனைவர் பட்டம் வாங்கினார், மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர் ஆனார். பேத்தி 2020-ல் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது ‘சித்தி’ என்ற சொல்லை அந்த மேடையிலேயே சொன்னார். கோபாலன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, சியாமளாவும் இல்லை. 

● அமெரிக்கப் பள்ளிச் சான்றிதழில் தமிழுக்கும் இடம் உண்டு. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்டும் மாணவர்களுக்கு ‘இருமொழி முத்திரை’ என்ற அங்கீகாரம் வழங்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2011-ல் முதலில் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் தேர்வு எழுதி, தமிழுக்காக இந்த முத்திரையைப் பெறுகிறார்கள். சனி, ஞாயிறு காலைத் தூக்கத்தைத் துறந்து வகுப்புக்குக் கூட்டிப்போன அம்மாக்களுக்கும், சம்பளம் வாங்காமல் பாடம் எடுத்த தன்னார்வ ஆசிரியர்களுக்கும் அந்த முத்திரையில் பங்கு இருக்கிறது.

● 2017 ஜூலை 7. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஒரு பெண் இன்றுதான் என் கடைசிப் பள்ளி நாள் என்று ட்விட்டரில் தன் முதல் பதிவைப் போட்டாள். நோபல் பரிசு வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகப்போகிற மலாலா யூசுஃப்சாய். பெண்கள் பள்ளிக்குப் போக வேண்டும் என்று பேசியதற்காகத் தலையில் சுடப்பட்டவள், பள்ளியை முழுதாக முடித்துவிட்டாள்.

அப்பா சியாவுதீனுக்கு ஐந்து சகோதரிகள். ஒருவர்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை. தன் மகளுக்கு அப்படி நேரக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார், பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடமே நடத்தினார். அம்மா தோர் பெகாய் சின்ன வயதில் சில மாதம்தான் பள்ளிக்குப் போனார். கூட விளையாடும் பெண்கள் யாரும் பள்ளிக்கு வரவில்லை என்று புத்தகங்களை விற்று மிட்டாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டார். மகள் பர்மிங்காமில் படித்த அதே காலத்தில், அந்த அம்மாவும் அங்கே வகுப்புக்குப் போய் ஆங்கிலம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். 

பாகிஸ்தானுக்குப் பக்கத்து நாடான ஆப்கானிஸ்தானில் 2021 முதல் பெண்கள் ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குப் போக முடியாது. அங்கேயும் அப்பாக்கள் இருக்கிறார்கள், மகள்கள் இருக்கிறார்கள், விழா மட்டும் இல்லை.

● 1902-ல் புதுக்கோட்டையில் ஒரு பெண் மெட்ரிகுலேஷன் தேறினாள். அங்கியும் இல்லை, மேடையும் இல்லை. பருவம் வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் இல்லாததால், வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அப்பா நாராயணசாமி. வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தபோதும் அவர் படிப்பை நிறுத்தவில்லை. ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் அவளைச் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி வெளியே வந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான் அவர்.

● தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு முடிவுகளில் ஆண்டுதோறும் தேர்ச்சி விகிதத்தில் பெண்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். 2023-ல் 600-க்கு 600 வாங்கி மாநிலத்தையே திரும்பிப் பார்க்கவைத்த திண்டுக்கல் மாணவியின் அப்பா தச்சுத் தொழிலாளி. இங்கே நமக்குக் கேலரியும் இல்லை, இசையும் இல்லை. மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் வாங்கப் பிள்ளைகள் தோழிகளோடு போய்விட்டு வந்துவிடுகிறார்கள்.

இந்த முறை உங்கள் மகள் டி.சி. வாங்கப் போகும் அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள். முதல் வகுப்பு டீச்சர் இன்னும் ஊரில் இருந்தால் அவரையும் பார்த்துவிட்டு வாருங்கள். பள்ளி வாசலில் மகளை நிறுத்தி ஒரு போட்டோ எடுங்கள், அதில் நீங்களும் இருங்கள். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், கல்லூரியில் சேரும்போதே புதுமைப் பெண் திட்டத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அலுவலகத்தில் கேளுங்கள். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும்.